141 ஆட்டங்கள், 617 வெற்றிகள்: புரூஸ் பூட்ரோவை எந்த அளவுகோலால் அளப்பது?

பனித்தளத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் வேறோர் இழையில், பனி ஹாக்கிப் பயிற்சியாளர் புரூஸ் பூட்ரோவைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒருவர், "கோப்பை வெல்லாத பயிற்சியாளர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதற்கு அங்கேயே பதில் எழுதத் தொடங்கி, எழுத எழுத நீண்டுபோனதால் தனி இழையாக இங்கே தொடங்குகிறேன். வட அமெரிக்காவின் தலைமை லீக்கான என்.எச்.எல்லின் ஸ்டான்லி கோப்பை அவர் கையில் ஏறவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு மனிதர் பதினேழு ஆண்டுகள் ஆடி, அதன்பின் முப்பது ஆண்டுகள் பயிற்சி அளித்திருக்கும்போது அந்த ஒரு வரி அவரைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்பது என் கருத்து.

அவர் 1955 ஜனவரி 9 அன்று டொராண்டோவில் பிறந்தவர். சென்டர் (முன்வரிசையின் நடுவில் ஆடும்) ஆட்டக்காரர், உயரம் குறைவு, சறுக்கும் வேகமும் அதிகமில்லை. ஆனால் பக் (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) எங்கே வந்து விழும் என்பதை மற்றவர்களுக்கு ஒரு கணம் முன்னதாகவே அறிந்துவிடும் கூர்மை அவரிடம் இருந்தது. 1974-75 பருவத்தில் டொராண்டோ மார்ல்பரோஸ் இளையோர் அணிக்காக 68 கோல்கள், 97 அசிஸ்ட்கள் (பிறர் கோலுக்கு உதவியவை), மொத்தம் 165 புள்ளிகள் எடுத்தார். அப்போது அது அந்த லீக்கின் சாதனை. ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் பயிற்சியில் அந்த அணி 1975இல் மெமோரியல் கோப்பையையும் வென்றது. அந்த ஆண்டு டிராஃப்டில் (அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) சொந்த ஊரின் என்.எச்.எல். அணியான மேப்பிள் லீஃப்ஸ் அவரை 42ஆவது இடத்தில் எடுத்தது. இருபது வயதில் ஒரு டொராண்டோ பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அவர் லீஃப்ஸுக்குப் போகவில்லை. என்.எச்.எல்லுக்குப் போட்டியாக நடந்துகொண்டிருந்த டபிள்யூ.எச்.ஏ. லீக்கில் மினசோட்டா ஃபைட்டிங் செயின்ட்ஸ் அணியில் சேர்ந்தார். அங்கே 30 ஆட்டங்களில் 3 கோல்கள்தான். அந்த அணியே 1976 தொடக்கத்தில், பருவத்தின் நடுவில், பணமில்லாமல் கலைந்தது. அதே பருவத்தில் பென்சில்வேனியாவின் எஃகு நகரமான ஜான்ஸ்டவுனில் ஜெட்ஸ் என்ற சிறிய அணிக்காகவும் ஆடினார். அந்த ஊரை மையமாக வைத்து எடுக்கப்பட்டு 1977இல் வந்த புகழ்பெற்ற ஹாக்கித் திரைப்படத்தில், எதிரணியின் பச்சைச் சட்டையில் அவர் சறுக்கிக்கொண்டு போவதை இன்றும் காணலாம்.

அதன்பிறகு லீஃப்ஸுக்கு வந்தார். எந்தப் பருவத்திலும் முழுதாக நிலைக்கவில்லை. 15 ஆட்டங்கள், 40, 26, 2, 39, 12 என்று ஆறு பருவங்கள். இந்த எண்களை வரிசையாகப் படித்தால் ஒரு மனிதரை மேலே அழைப்பதும் கீழே அனுப்புவதுமாக எத்தனை முறை அலைக்கழித்திருக்கிறார்கள் என்பது புரியும். 1985-86இல் சிகாகோ ஏழு ஆட்டங்கள் கொடுத்தது. மொத்தம் 141 ஆட்டங்கள், 28 கோல்கள், 42 அசிஸ்ட்கள். என்.எச்.எல். ஆட்டக்காரராக அவர் கதை அவ்வளவுதான்.

மீதிக் கதை டாலஸ், நியூ பிரன்ஸ்விக், சின்சினாட்டி, செயின்ட் கேத்தரின்ஸ், பால்டிமோர், நோவா ஸ்கோஷியா, ஸ்பிரிங்ஃபீல்டு, நியூமார்க்கெட், ஃபீனிக்ஸ், ஃபோர்ட் வெய்ன், அடிரோண்டாக் என்று விரிகிறது. அந்தக் கதையைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன்.


கணக்கர் எழுதியது:

இழை தொடங்கியதற்கு நன்றி, ஐயா. நீங்கள் விட்டுவைத்த எண்களை நான் சேர்த்துக்கொள்கிறேன்.

என்.எச்.எல்லுக்கு அடுத்த படியான அமெரிக்க ஹாக்கி லீக்கில் அவர் 634 ஆட்டங்களில் 316 கோல்களும் 483 அசிஸ்ட்களும், ஆக 799 புள்ளிகள் எடுத்தார். அந்த லீக்கின் முழு வரலாற்றிலும் முன்வரிசையில் நிற்கும் எண் அது. 1987-88இல் ஸ்பிரிங்ஃபீல்டு இந்தியன்ஸுக்காக 42 கோல்கள், 74 அசிஸ்ட்களுடன் 116 புள்ளிகள் எடுத்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். அப்போது அவருக்கு வயது 33. என்.எச்.எல். கதவு மூடிவிட்டது என்று தெரிந்த பிறகும் ஒருவர் இப்படி ஆடுகிறார் என்றால், அதை வேறு எதற்காகவும் அல்ல, ஆட்டத்துக்காகவே ஆடினார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். 1992இல், தம் கடைசிப் பருவத்தில், அடிரோண்டாக் ரெட் விங்ஸுடன் அந்த லீக்கின் கால்டர் கோப்பையை வென்றார். 2009இல் அந்த லீக்கின் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

இத்தகைய ஆட்டக்காரருக்குத் தமிழில் என்ன பெயர் சொல்வது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். "ஊர்சுற்றி" என்றால் பொறுப்பில்லாதவர் என்ற பொருள் வந்துவிடுகிறது. "நாடோடி" என்றால் தாமே விரும்பி அலைபவர் போலத் தொனிக்கிறது. இவர்கள் வேலை கிடைத்த ஊருக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள். நம் ஊரில் கொத்தனார்களும் தச்சர்களும் கட்டடம் எழும் ஊருக்குப் போய், அது முடிந்ததும் அடுத்த ஊருக்குப் போவார்கள் அல்லவா, அதுபோல. தொழில் சுத்தமாகத் தெரியும். ஆனால் எழுந்த கட்டடத்தில் அவர்கள் பெயர் இருக்காது.


மார்க்கம் வாசகி எழுதியது:

என் மகன் எட்டு வயது முதல் இங்கே ஹாக்கி ஆடுகிறான். அதிகாலை ஐந்து மணிக்கு அரங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், கண்ணாடிக்குப் பின்னால் குளிரில் நின்று பார்த்தே எனக்கு இந்த ஆட்டம் பழகியது. அதனால் ஓர் எளிய ஐயம். இளையோர் லீக்கில் 165 புள்ளிகள் எடுத்தவரால் ஏன் மேலே நிலைக்க முடியவில்லை? உயரம் மட்டுமா காரணம்? திறமை இருந்தும் வாய்ப்புத் தரவில்லை என்று சொல்வதா, கிடைத்த வாய்ப்பை அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்று சொல்வதா? அணித் தேர்வில் பெயர் விடுபட்ட குழந்தையோடு காரில் வீடு திரும்பியிருக்கிறேன். ஆகவே இந்தக் கேள்வியை அவ்வளவு எளிதாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை.


பனித்தளத்தான் எழுதியது:

அம்மா, இரண்டும் உண்டு என்றுதான் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

காலம் அவருக்குச் சாதகமாக இல்லை. 1974இலும் 1975இலும் ஸ்டான்லி கோப்பையை வென்றது முரட்டு ஆட்டத்துக்குப் பெயர்போன ஃபிலடெல்ஃபியா. மற்ற அணிகளும் உடனே உடல்பலத்தைத் தேடத் தொடங்கின. வேகமும் இல்லாத, உடலும் பெரிதாக இல்லாத ஒரு சென்டருக்கு அந்தக் காலத்தில் நான்காவது வரிசையில்கூட இடம் இல்லை. அந்த வரிசை மோதுபவர்களுக்கானது. கோல் போடும் முதலிரண்டு வரிசைகளில் டாரில் சிட்லர் போன்றவர்கள் இருந்தார்கள். ஆக, மேல் வரிசைக்குச் சற்றுக் குறைவு, கீழ் வரிசைக்கு வேறு வகை. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஆட்டக்காரர்களின் தலைமுறை ஒன்றே இருந்தது.

ஆனால் அவர் தம் குறையை ஒருபோதும் மறைத்ததில்லை. இளமையில் உடற்பயிற்சியையும் கட்டுப்பாட்டையும் போதிய அளவு மதிக்கவில்லை என்பதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 1977-78இல் 40 ஆட்டங்களில் 29 புள்ளிகள் எடுத்தார். அது மோசமான கணக்கு அல்ல. அந்த இடத்தைப் பற்றிக்கொண்டு, அடுத்த கோடையில் உடலைத் தயார்செய்து வந்திருந்தால் வேறு வாழ்க்கை அமைந்திருக்கலாம். அடுத்த பருவம் 26 ஆட்டங்களில் 7 புள்ளிகளாகச் சுருங்கியது.

பயிற்சியாளராக அவரைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல் என்று நான் நினைக்கிறேன். திறமை இருந்தும் வீணாவது எப்படி என்று அவருக்குத் தம் உடம்பிலேயே தெரியும். வாய்ப்பு மறுக்கப்படுவது எப்படியிருக்கும் என்பதும் தெரியும். ஒன்றை மட்டும் அறிந்தவர் கசந்துபோவார், அல்லது கண்டிப்பானவராக மட்டும் ஆவார்.

பயிற்சிப் பணியும் அடிமட்டத்திலிருந்துதான் தொடங்கியது. 1992இல் மிஷிகனில் மஸ்கீகன் ஃப்யூரி. அடுத்து ஃபோர்ட் வெய்ன் காமெட்ஸ். அங்கே முதல் பருவத்திலேயே அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுபோய், ஐ.எச்.எல். என்ற மற்றொரு சிறிய லீக்கில் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதைப் பெற்றார். பனியே பார்க்காத மிசிசிப்பிக் கடற்கரையில் சீ வுல்வ்ஸ் அணியை உருவாக்கி 1999இல், இன்னும் கீழ்ப்படியிலுள்ள ஈ.சி.எச்.எல். லீக்கின் கெல்லி கோப்பையை வென்றார். பிறகு லோவெல், மான்செஸ்டர். மான்செஸ்டர் 2005இல் அவரை விட்டுவிட்டது. அடுத்த ஆண்டே ஹெர்ஷி பேர்ஸ் அணியுடன் கால்டர் கோப்பையை வென்றார். அதற்கடுத்த ஆண்டும் இறுதிப் போட்டிவரை போனார்.

2007 நவம்பர் 22, நன்றி நவிலல் நாள் காலையில், வாஷிங்டன் கேப்பிடல்ஸின் பொது மேலாளர் ஜார்ஜ் மெக்ஃபீ அவரை அழைத்தார். அணி 21 ஆட்டங்களில் ஆறே வெற்றிகளுடன் அடிமட்டத்தில் கிடந்தது. பூட்ரோவுக்கு வயது 52. ஆட்டக்காரராக மேலே போன ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பப்பட்டவர், முப்பதாண்டுக்கும் மேலான தொழில் வாழ்க்கைக்குப் பிறகு, முதன்முறையாக ஒரு என்.எச்.எல். அணியின் பெஞ்சுக்குப் பின்னால் தலைமைப் பயிற்சியாளராக நின்றார். மறுநாள் ஃபிலடெல்ஃபியாவில் கூடுதல் நேரத்தில் வெற்றி. மீதி 61 ஆட்டங்களில் 37 வெற்றிகள், பருவத்தின் கடைசி நாளில் டிவிஷன் பட்டம், ஆண்டின் சிறந்த என்.எச்.எல். பயிற்சியாளருக்கான ஜாக் ஆடம்ஸ் விருது.


கோல்காப்பாளர் எழுதியது:

மரியாதையுடன் மறுக்கிறேன்.

கதை நெகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் பயிற்சியாளரை மதிப்பிடுவது நெகிழ்ச்சியை வைத்து அல்ல. ஏழு ஆட்டத் தொடரின் ஏழாவது ஆட்டம் என்பது பயிற்சியாளரின் தேர்வு அறை. வாஷிங்டனிலும் அடுத்துப் பயிற்சியளித்த அனஹைமிலும் சேர்த்து அவர் அந்த அறைக்கு எட்டு முறை போனார். தேறியது ஒரே முறை, 2009இல் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு எதிராக. தோல்விகளை வரிசையாகச் சொல்கிறேன்: 2008 ஃபிலடெல்ஃபியா, 2009 பிட்ஸ்பர்க், 2010 மொன்றியல், 2013 டெட்ராய்ட், 2014 லாஸ் ஏஞ்சலஸ், 2015 சிகாகோ, 2016 நாஷ்வில். ஏழும் சொந்த அரங்கத்தில். அனஹைமின் நான்கு தொடர்களிலும் அவருடைய அணி 3-2 என்று முன்னிலையில் இருந்தது. மொன்றியலுக்கு எதிராக 3-1 முன்னிலை. ஒரு முறை என்றால் விதி எனலாம், இரண்டு முறை என்றால் தற்செயல் எனலாம். ஏழு முறை என்றால் பயிற்சியாளரைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அவர் போன பிறகு 2017இல், அதே அனஹைம், ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்களுடன், ரேண்டி கார்லைல் பயிற்சியில், அதே அரங்கத்தில் எட்மன்டனுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தை வென்றது. வாஷிங்டன் 2018இல் பேரி டிராட்ஸின் கீழ் கோப்பையையே வென்றது.


கணக்கர் எழுதியது:

எதிரணிகளின் பெயரைச் சொன்னீர்கள். அந்த அணிகள் அதன்பின் என்ன செய்தன என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். 2009 பிட்ஸ்பர்க், 2014 லாஸ் ஏஞ்சலஸ், 2015 சிகாகோ ஆகிய மூன்று அணிகளும் அந்தந்த ஆண்டு ஸ்டான்லி கோப்பையை வென்றவை. ஏழில் மூன்று தோல்விகள் வாகையர்களிடம். அவர்களை ஏழாவது ஆட்டம்வரை இழுத்ததும் கணக்கில் வர வேண்டாமா?

2010 மொன்றியல் தொடர்தான் மிகவும் வலிப்பது. அந்தப் பருவத்தில் கேப்பிடல்ஸ் 121 புள்ளிகளுடன் லீக்கிலேயே முதலிடம், கோல் எண்ணிக்கையிலும் முதலிடம். ஆறாவது ஆட்டத்தில் மொன்றியலின் கோலி (வலை காப்பவர்) யாரொஸ்லாவ் ஹலாக் 53 ஷாட்களைத் தடுத்தார், ஏழாவதில் 41. இரண்டு ஆட்டங்களில் 94 தடுப்புகள். அணி ஷாட் அடிக்கவில்லை என்றோ பயந்து ஒடுங்கியது என்றோ யாரும் சொல்ல முடியாது. எதிர்ப்பக்கத்தில் ஒரு கோலி வாழ்நாளின் ஆட்டத்தை ஆடினால், பெஞ்சுக்குப் பின்னால் நிற்பவர் என்ன செய்வார்?

முழுக் கணக்கு இது: 1,087 ஆட்டங்களில் 617 வெற்றிகள், 342 தோல்விகள், கூடுதல் நேரத்திலோ ஷூட்அவுட்டிலோ தோற்றவை 128. நவீன காலத்தில் மிக வேகமாக, 289 ஆட்டங்களில், 200 வெற்றிகளைத் தொட்டவரும் அவர்தான். பிளேஆஃபில் (பருவம் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில்) 43 வெற்றிகள், 47 தோல்விகள் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.


கோல்காப்பாளர் எழுதியது:

ஹலாக்கைப் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே தொடரில் கேப்பிடல்ஸின் பவர் பிளே (தண்டனையால் எதிரணியில் ஆள் குறையும் நேர ஆட்டம்) 33 வாய்ப்புகளில் ஒரே ஒரு கோல்தான் போட்டது. தொடர் நடக்கும்போதே அதைத் திருத்துவது பயிற்சியாளரின் வேலை அல்லவா?

நான் இளமையில் வலை காத்தவன், பெயரே அதனால்தான். எனவே கோலிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2009இல் முதல் ஆட்டம் முடிந்ததுமே ஜோஸ் தியோடரை உட்காரவைத்து இளைஞர் வார்லமோவைக் கொண்டுவந்தார். ரேஞ்சர்ஸுக்கு எதிராக அது பலித்தது. பிட்ஸ்பர்க்கின் ஏழாவது ஆட்டத்தில் வார்லமோவையும் நடுவிலேயே வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. 2010இலும் தியோடரிலிருந்து வார்லமோவுக்கு மாறினார். 2014இல் ஒரே பிளேஆஃபில் ஹில்லர், ஆண்டர்சன், கிப்சன் என்று மூன்று கோலிகள். அனுபவமே இல்லாத கிப்சன் ஏழாவது ஆட்டத்தில் நான்கு கோல் விட்ட பிறகு வெளியே வந்தார். 2016இல் கிப்சனோடு தொடங்கி, இரண்டு தோல்விக்குப் பின் ஆண்டர்சனுக்கு மாறினார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. சிறிய லீக்கில் பயிற்சியாளராக இருப்பவருக்கு நாளை எந்த ஆட்டக்காரர் இருப்பார் என்றே தெரியாது. நன்றாக ஆடுபவரைத் தாய் அணி மாலையில் தொலைபேசியில் அழைத்து எடுத்துக்கொள்ளும். காலையில் எழுந்து, இருப்பவர்களில் இன்று யார் சூடாக இருக்கிறார் என்று பார்த்து அவரை இறக்க வேண்டும். பதினைந்து ஆண்டுகள் அப்படி அணி நடத்திய ஒருவருக்கு மாற்றுவது இயல்பாகிவிடும், பொறுத்திருப்பது கடினமாகிவிடும். மேல் லீக்கின் பிளேஆஃபில் தேவைப்படுவது பொறுத்திருக்கும் குணம். ஒரு கோலிக்குத் தாம் நாளையும் நிற்போம் என்று தெரிந்தால்தான் இன்று நிம்மதியாக நிற்க முடியும். அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த அதே பயிற்சி அங்கே அவருக்குத் தடையாகவும் இருந்தது என்பது என் எண்ணம்.


பனித்தளத்தான் எழுதியது:

இந்த இழையில் இதுவரை வந்தவற்றில் மிக ஆழமான கருத்து இது. ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கோலிகள் பற்றிய பகுதியை மறுக்க என்னிடம் சான்று இல்லை. ஆனால் அந்தப் பழக்கத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். 2006இல் ஹெர்ஷியில் கோப்பை வென்ற அணியில் மைக் கிரீன், புரூக்ஸ் லைக், பாய்ட் கார்டன், டொமாஷ் ஃப்ளைஷ்மன், எரிக் ஃபேர், டேவ் ஸ்டெக்கல் ஆகியோர் இருந்தார்கள். அடுத்த ஆண்டே அவர் மேலே வந்தபோது அவர்களில் பலர் வாஷிங்டனில் அவருக்காகக் காத்திருந்தார்கள். யார் எதற்குப் பயப்படுவார், யாரை விட்டுப்பிடிக்க வேண்டும் என்று அவருக்கு முன்பே தெரியும். மைக் கிரீன் தற்காப்பு ஆட்டக்காரர். பக்கோடு முன்னேறிப் போகும் அவரைத் தடுத்து, நீலக் கோட்டுக்குப் பின்னாலேயே நிற்கச் சொல்லும் பயிற்சியாளர்கள் ஏராளம். பூட்ரோ போகச் சொன்னார். 2008-09இல் கிரீன் 31 கோல்கள் போட்டார், அதில் தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் கோல் போட்ட சாதனையும் அடங்கும். அணியின் நட்சத்திரமான ஓவெச்கின் 2007-08இல் 65 கோல்கள் போட்டதும் அந்த விடுதலையான ஆட்டத்தில்தான்.

அவர் உண்மையில் தவறிய இடம் என்று நான் நினைப்பது 2010 டிசம்பர். அணி தொடர்ந்து எட்டு ஆட்டங்கள் தோற்றது. அதுவும் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் உடைமாற்றும் அறைவரை காமிராவோடு நின்ற மாதத்தில். மொன்றியல் தோல்வியின் காயமும் ஆறவில்லை. தற்காப்பை முன்வைக்கும் ஆட்டத்துக்கு அணியை மாற்றினார். தோல்விகள் நின்றன. ஆனால் முந்தைய பருவத்தில் முந்நூறைத் தாண்டிய கோல்கள் இருநூற்றிருபதுகளுக்கு இறங்கின. பிளேஆஃபில் டாம்பா பே நான்கே ஆட்டங்களில் அவர்களை வெளியேற்றியது. எல்லாரும் சொன்னதைக் கேட்டு, தமக்குத் தெரிந்த ஆட்டத்தை அவர் கைவிட்டார். 2011 நவம்பர் 28 அன்று வாஷிங்டன் அவரை நீக்கியது. இரண்டே நாளில், நவம்பர் 30 இரவு, அனஹைம் அவரை எடுத்துக்கொண்டது. பெட்டி கட்டிப் பழகியவர் அல்லவா.


வான்கூவர் வாசி எழுதியது:

கணக்குகளைப் படித்துக்கொண்டே வந்தேன். நான் நேரில் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

2021 டிசம்பர் 5 அன்று அவர் இங்கே வந்தபோது எங்கள் ஊர் அணியான கனக்ஸ் 25 ஆட்டங்களில் எட்டு வெற்றிகளோடு கிடந்தது. மறுநாள் லாஸ் ஏஞ்சலஸை 4-0 என்று வென்றோம். முதல் ஒன்பது ஆட்டங்களில் எட்டு வெற்றிகள். அரங்கம் முழுவதும் அவர் பெயரைப் பாட்டாகப் பாடியது. ஒரு பயிற்சியாளரின் பெயரை, ஓர் ஆட்டக்காரரின் பெயரைப் போலப் பதினெட்டாயிரம் பேர் பாடி நான் கேட்டதில்லை. பருவ முடிவில் 92 புள்ளிகள். பிளேஆஃபுக்கு ஐந்து புள்ளிகள் குறைவு.

அடுத்த பருவம் கெட்டது. தோல்விகளுக்கு அவருக்கும் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. தற்காப்பு மிகவும் மோசமாக இருந்தது. ஆனால் 2023 ஜனவரியில் நடந்ததை எந்தத் தொழிலாளிக்கும் யாரும் செய்யக் கூடாது. அடுத்த பயிற்சியாளர் யார் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருக்க, அவர் நாள்தோறும் பத்திரிகையாளர் முன் உட்கார்ந்து, இன்னும் வேலை இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் சொன்னார். ஜனவரி 21 அன்று எட்மன்டனுக்கு எதிரான ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்தபோதே மக்கள் எழுந்து நின்று அந்தப் பாட்டைப் பாடினார்கள். அவர் கண்கள் கலங்கியிருந்தன. மறுநாள் ரிக் டாக்கெட் பயிற்சியாளரானார்.

தோற்கும் அணியின் பயிற்சியாளருக்காக மக்கள் ஏன் அப்படி நின்றார்கள் என்பதற்கு என்னிடம் எண்களில் பதில் இல்லை. நானும் நின்றேன்.


மார்க்கம் வாசகி எழுதியது:

மேலே எழுதியதைப் படித்தபோது எனக்கும் கண் கலங்கியது.

அளவுகோல் பற்றிக் கேட்டதால் ஒன்று சேர்க்கிறேன். ஜாரெட் பெட்னரைப் பாருங்கள். அவரும் சிறிய லீக்குகளிலேயே ஆடியவர், என்.எச்.எல்லில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. 2009இல் சவுத் கரோலினா ஸ்டிங்ரேஸுடன் கெல்லி கோப்பை, 2016இல் லேக் ஈரி மான்ஸ்டர்ஸுடன் கால்டர் கோப்பை, 2022இல் கொலராடோ அவலாஞ்சுடன் ஸ்டான்லி கோப்பை. மூன்றையும் தலைமைப் பயிற்சியாளராக வென்ற முதல் மனிதர். பூட்ரோ அதே ஏணியில், அவருக்கு முன்பே, முதலிரண்டு படிகளை ஏறியவர்.

கோல்காப்பாளர் சொன்ன ஊகத்துக்கு இது ஓரளவு பதிலாகாதா? சிறிய லீக்கின் பழக்கமே பிளேஆஃபில் தடையென்றால் பெட்னருக்கும் தடையாகியிருக்க வேண்டும்.


கோல்காப்பாளர் எழுதியது:

நியாயமான கேள்வி, சகோதரி. பெட்னரின் முதல் பருவத்தில் கொலராடோ வெறும் 48 புள்ளிகள் எடுத்து லீக்கிலேயே கடைசியாக வந்தது. ஆனாலும் நிர்வாகம் அவரை வைத்திருந்தது. அதன்பின் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இரண்டாவது சுற்றிலேயே வெளியேறினார்கள், அப்போதும் வைத்திருந்தது. ஆறாவது பருவத்தில் கோப்பை வந்தது. பூட்ரோவுக்கு வாஷிங்டன் கொடுத்தது நான்கு ஆண்டுகள், அனஹைம் நாலரை, மினசோட்டா நான்குக்கும் குறைவு, வான்கூவர் பதின்மூன்று மாதம். மினசோட்டாவில் முதல் பருவத்திலேயே 106 புள்ளிகள் எடுத்தும் 2020 பிப்ரவரியில் வெளியேற்றப்பட்டார்.

ஆக, என் ஊகத்தைத் திருத்திக்கொள்கிறேன். பொறுத்திருக்கும் குணம் அவரிடம் குறைவாக இருந்தது என்பதில் மாற்றம் இல்லை. ஆனால் அவரைப் பொறுத்திருந்தவர்களும் குறைவு. கோலியை மாற்றியவரை நிர்வாகமும் அதே வேகத்தில் மாற்றியது. இதை முதலிலேயே யோசிக்காமல் எழுதியது என் தவறு.


பனித்தளத்தான் எழுதியது:

இவ்வளவு பொறுமையாக விவாதித்ததற்கு எல்லாருக்கும் நன்றி. கருத்தை மாற்றிக்கொண்டு அதை எழுதியும் வைத்த கோல்காப்பாளருக்குத் தனியாக நன்றி.

ஒரு செய்தியைச் சொல்லாமல் விட்டிருந்தேன். முதல் பதிவில் ஃபோர்ட் வெய்ன் என்று ஓர் ஊரைப் பட்டியலோடு பட்டியலாக எழுதினேன். இண்டியானாவில் உள்ள அந்த ஊரில் பூட்ரோ முதுமையை நெருங்கிய ஆட்டக்காரராக ஆடினார். பிறகு அங்கேயே பயிற்சியாளராக முதல் பெரிய பெயரை எடுத்தார். 1994இல் அங்கே இறுதிப் போட்டியில் அட்லாண்டாவிடம் தோற்றார். 2021இல் அதே ஃபோர்ட் வெய்ன் காமெட்ஸ் கெல்லி கோப்பையை வென்றது. அப்போது பெஞ்சுக்குப் பின்னால் தலைமைப் பயிற்சியாளராக நின்றவர் அவருடைய மகன் பென் பூட்ரோ.


மார்க்கம் வாசகி எழுதியது:

அப்படியானால் தந்தை 1999இல் மிசிசிப்பியில் வென்ற அதே கெல்லி கோப்பையை, இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மகனும் ஏந்தியிருக்கிறார், அல்லவா?


பனித்தளத்தான் எழுதியது:

ஆம் அம்மா, அதே கோப்பைதான்.